செட்டின் தொண்டை

வயர்லெஸ் செட்டுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. வாய்தான் போய்விட்டது.

கடலுக்குள் பதினெட்டு மைல் தள்ளி நின்று நல்லரத்தினம் கதைப்பது, மாங்கேணியில் அவன் வீட்டு முன்னறையில், பக்கத்து வளவில் நின்று கூப்பிடுவதுபோலக் கேட்டது. அவன் மனைவி கேதீஸ்வரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தானை அமத்திப் பதில் சொன்னாள். சொன்னதையே நாலு தரம் சொன்னாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்பது அவன் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது.

"கேதீஸ்... கேதீஸ்... கேக்குதா புள்ள? எஞ்சின் ஓடுது, விசிறி சுத்துதில்ல. உள்ளுக்க என்னவோ முறிஞ்சித்து. கல்லுல நங்கூரம் போட்டு நிக்கிறம். கச்சான் காத்து கூடிக்கொண்டு வருது. நீ கேக்கிறியா இல்லியா எண்டு எனக்குத் தெரியா. ரெண்டு மணி மட்டும் பாக்கிறம். அதுக்குள்ள உன்ட சத்தம் வரல்லயெண்டா நங்கூரத்தத் தூக்கித்துக் காத்தோட கிழக்கால போறம். பெரிய போட்டுகள் போற பாதையில ஆரும் கண்டா உண்டு. ஆருக்கும் தெரியாம இதில கிடந்து இருட்டினா வேலையில்ல. மறுகா ஒண்டரைக்கு எடுக்கிறன். செட்ட மூடுறன், பத்தரி மிச்சம் புடிக்கணும்."

டக்கென்று நின்றது. பிறகு வெறும் இரைச்சல். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டு ஐம்பது.

அவன் சொன்னதில் பிழையில்லை. தனக்கு உதவி வருவது தெரியாத மனிசன் வேறு என்ன செய்வான்? உதவி புறப்பட்டு அரை மணித்தியாலமாகிவிட்டது. சீனித்தம்பி தன் தோணியோடு பன்னிரண்டு இருபதுக்கே கரையை விட்டான். எவ்வளவு விரட்டினாலும் அவர்கள் நிற்கும் கல்லுக்குப் போக இரண்டரையாகும். இரண்டு மணிக்கு இவர்கள் நங்கூரத்தைத் தூக்கிவிட்டால், இரண்டரைக்கு அங்கே போகிறவன் வெறுந் தண்ணீரைத்தான் பார்ப்பான். கச்சான் காற்று ஒரு தோணியை எந்தத் திசைக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை யாரும் கோடு போட்டுச் சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு முதல் 'நில்லுங்க' என்று ஒரு சொல் அங்கே போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மைக்கத் தாங்க மச்சாள், நான் ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கிறன்" என்றாள் உசாந்தி. அவள் நல்லரத்தினத்தின் தங்கை. அதே தோணியில் அவள் புருசன் திவாகரனும் நின்றான். கல்யாணம் முடித்து இரண்டு வருசம்.

"நீ கூப்பிட்டா மட்டும் போயிருமா? நான் கத்தின கத்துக்குச் செட்டு இல்லாமலே கேட்டிருக்கணும்."

"கோயில் நாளில போகாத எண்டு அண்ணனுக்கு எத்தின பேர் சொன்ன? கேட்டாரா? அம்மாள் பாத்துக்கொண்டு இருப்பாவா?"

கண்ணகி அம்மன் கோயில் சடங்கு முடிந்து குளிர்த்திப் பூசையும் ஆகி நாலு நாள்தான். எட்டாம் நாள் பூசை முடியும்வரை அந்தக் கரையில் ஒருவரும் தோணி இறக்குவதில்லை. வீடுகளில் மீன் வாசமே வராது. அன்றைக்கும் கேதீஸ்வரியின் அடுப்பில் பரங்கிக்காய்க் கறிதான் இருந்தது, பாதியில் இறக்கி வைத்தபடி.

நல்லரத்தினம் போனதற்குக் காரணமே அதுதான். நாலு வருசத்துக்கு முன் அவனுக்கு ஒரு கல் அகப்பட்டது. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. அதைச் சுற்றி விளைமீனும் பாரையும் கோயிலுக்கு வந்த சனம் மாதிரி நிற்கும். அந்த இடத்தின் எண்களை அவன் திவாகரனுக்குக்கூட வாயால் சொன்னதில்லை. மற்ற நாட்களில் கரையை விட்டால் பின்னால் இரண்டு தோணி வரும், அதில் ஒன்று கட்டாயம் சீனித்தம்பியினுடையதாக இருக்கும். நல்லரத்தினம் வடக்கே ஓடி, தெற்கே திரும்பி, டீசலைக் குடிக்கக் கொடுத்து, அவர்களை ஏய்த்துவிட்டுத்தான் கல்லுக்குப் போவான். கடலில் ஒரு குஞ்சு குருமானும் இல்லாத நாட்கள் வருசத்தில் இந்த எட்டுத்தான். அவனுக்கு அம்மனை விடக் கல் பெரிதாகப் போய்விட்டது.

அந்த எண்கள் அரிசி வாளி மூடியின் உட்புறத்தில் எழுதியிருந்தன. மத்தியானம் முதல் அழைப்பு வந்த கையோடு கேதீஸ்வரி வாளி மூடியைத் தூக்கிக்கொண்டு சீனித்தம்பி வீட்டுக்குத்தான் ஓடினாள். கரையில் ஓடக்கூடிய நிலையில் நின்ற பெரிய எஞ்சின் அவனுடையதுதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். சீனித்தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் எண்களைப் பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். "புள்ள, பயப்படாத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோணியைத் தள்ளினான். கடற்படைக்கும் அதே எண்களைச் சொல்லியாயிற்று. ஆனால் யார் போனாலும் கல்லடிக்குத்தான் போவார்கள். அங்கே தோணி நிற்கவேண்டுமே.

கைத்தொலைபேசி ஐந்தாறு மைலுக்கு மேல் கடலில் வேலை செய்யாது. அதற்காகத்தான் நல்லரத்தினம் இந்தச் செட்டுச் சோடியை வாங்கினான். வாழைச்சேனையில் உடைத்து விற்ற ஒரு பெரிய போட்டிலிருந்து கழற்றிய பழைய சீபி செட்டுகள். ஒன்று தோணிக்கு, ஒன்று வீட்டுக்கு. திருத்திக் கொடுத்தவன் ஓட்டமாவடி றுஸ்தி. மாங்கேணியில் வேறு ஒருவரிடமும் அப்படிச் செட்டு இல்லை. இருந்தால் கல்லின் செய்தி வெளியே போய்விடும் என்று நல்லரத்தினம் மற்றவர்களை வாங்கவும் விடவில்லை. "அது குப்பச் சாமான் மச்சான், காசக் கரியாக்காத" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். சொன்ன வாய்க்கு அன்றைக்குக் கூலி கிடைத்தது.

கேதீஸ்வரி றுஸ்திக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, நான் வந்தாறுமூலையில, கம்பஸுக்கு மைக் செட் வேலையா வந்த" என்றான் றுஸ்தி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "இப்ப பைக்க எடுத்தாலும் உங்கட ஊட்ட வர ரெண்டு மணியாயிரும். வந்து செட்டத் தொறக்க நேரமில்ல. ஓடிக்கொண்டு கதைக்கவும் ஏலா. நான் இஞ்சயே நிக்கிறன், போன்ல செல்லுறன், நீங்க செய்யுங்க. கை நடுங்காம செய்வீங்களா?"

"நடுங்கினாலும் செய்வன் தம்பி. சொல்லுங்க."

"மொதல்ல செல்லுங்க, செட்டுல தண்ணி கிண்ணி ஏதும் பட்டிச்சா?"

கேதீஸ்வரியின் கண் தானாக யன்னல் பக்கம் போனது.

நல்லரத்தினம் செட்டைப் பூட்டிய அன்று, கூரைக்கு மேல் மூங்கிலில் கட்டிய ஏரியலிலிருந்து வரும் வயர் கட்டையாகப் போய்விட்டது. வேறொரு துண்டு வயரை எடுத்து யன்னலுக்கு வெளியே முறுக்கி இணைத்து, துணி நாடாவால் சுற்றி, மழை படாமல் ஒரு தயிர்க் கோப்பையைக் கவிழ்த்துக் கட்டினான். "இதில ஒருத்தரும் கை வைக்கப்படாது. இதுதான் செட்டுட தொண்டை" என்று பெருமையாகச் சொன்னான். அது அவள் மனதில் பதிந்துபோயிற்று.

குளிர்த்தி முடிந்த அன்று விடிய உசாந்தி கோயிலிலிருந்து ஒரு போத்தல் குளிர்த்தித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்டு அம்மனைக் குளிரப்பண்ணிய தீர்த்தம். வீட்டுக்கு, மாட்டுக்கு, வலைக்கு, தோணிக்குத் தெளித்தால் வருசம் முழுக்கக் காவல். புருசன் நாள் பார்க்காமல் கடலுக்குப் போகப் போகிறான் என்று தெரிந்த கேதீஸ்வரி எல்லாவற்றுக்கும் தெளித்தாள். கடைசியாக, அவன் குரலைக் கொண்டுவந்து தரும் சாமானை எப்படி விடுவது என்று, தயிர்க் கோப்பையைத் தூக்கி, செட்டின் தொண்டைக்கு ஒரு கை நிறையத் தெளித்தாள். நேர்த்தியாகக் கோப்பையை மூடியும் கட்டினாள்.

"இல்ல தம்பி" என்றாள் றுஸ்தியிடம். "தண்ணி ஒண்டும் படல்ல."

முழுப் பூசணிக்காயை அவள் சோற்றில் மறைக்க நினைத்தது பொய்க்காக அல்ல. கேட்டது தண்ணீர், அவள் தெளித்தது அம்மனின் தீர்த்தம். அதனால் ஒரு சாமான் பழுதாகும் என்று நினைப்பதே குற்றம் என்று அவள் நெஞ்சு சொன்னது. பக்கத்தில் உசாந்தி வேறு நின்றாள். அவளுக்கு முன்னால் அதைச் சொன்னால் வீடு இரண்டாகும். வேற்றுச் சமயத்துப் பொடியனிடம் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இத்தனையும் ஒரு மூச்சில் அவளுக்குள் ஓடி முடிந்தது.

"சரி. அப்ப மைக்கப் பாப்பம். பழைய மைக், அதுதான் மொதல்ல சாகும். அமத்துங்க. செகப்பு லைட் எரியிதா?"

"எரியுது."

"இரைச்சல் நிக்கிதா?"

"நிக்குது. விட்டா வருது."

"அப்ப மைக் சுவிச்சி வேலை செய்யிது. வயர ஆட்டி ஆட்டி அமத்திப் பாருங்க. லைட் வெட்டுதா?"

ஆட்டினாள், முறுக்கினாள், மடித்தாள். விளக்கு வெட்டவில்லை. ஆனால் அமத்தும்போது முகப்பு வெளிச்சம் கொஞ்சம் மங்குவதை உசாந்தி கண்டுபிடித்தாள்.

"அப்ப பத்தரி எளப்பமாயிருக்கும்" என்றான் றுஸ்தி. "கேக்கிறதுக்குக் கொஞ்சக் கரண்ட் காணும். கதைக்கிறதுக்குத்தான் கனக்க வேணும். வேற பத்தரி கெடைக்குமா?"

வேறு பத்தரி வேணுமாம் என்று கேதீஸ்வரி சொல்லி முடிக்க முதல் உசாந்தி வாசலைத் தாண்டிவிட்டாள். வெயிலில் மணல் கொதித்தது. வெறுங்காலோடு ஓடினாள். கச்சான் காற்று மேற்கே சேனைப் பக்கமிருந்து சூட்டையும் தூசியையும் வாரிக்கொண்டு வந்து, வீட்டுக்குள்ளால் நுழைந்து, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையோரம் கடல் தகடு மாதிரிக் கிடந்தது. கரையில் நிற்கிறவனுக்கு அது அமைதி. வெளியே நிற்கிறவனுக்குத்தான் அந்தக் காற்று என்ன செய்யும் என்று தெரியும்.

சீனித்தம்பி வீட்டு ஓட்டோவின் பத்தரியை அவன் மனைவியே கழற்றிக் கொடுத்தாள் என்று சொல்லிக்கொண்டு உசாந்தி அதை இடுப்பில் சுமந்து வந்தாள். சட்டையில் அசிட் பட்டதை அவள் பார்க்கவேயில்லை. சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் மாற்றிக் கொழுவி முடிய ஒன்று பதினெட்டு.

முகப்பு விளக்கு இப்போது பளிச்சென்று எரிந்தது. கேதீஸ்வரி அமத்தினாள்.

"இஞ்சாருங்க, நில்லுங்க. நங்கூரம் தூக்காதீங்க. சீனியண்ணன் வாறார். நில்லுங்க..."

"அண்ணன் ஒண்டரைக்குத்தானே செட்டப் போடுவார் கா. இப்ப ஆரு கேக்கிற?" என்றாள் உசாந்தி.

அது உண்மை. ஒன்றரைவரை அவர்கள் நின்றார்கள். உட்காரத் தோன்றவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிசத்தில் உசாந்தி மணிக்கூட்டைப் பார்த்த அளவுக்குக் கல்யாண நாளில்கூட முகூர்த்தத்துக்குப் பார்த்திருக்கமாட்டாள்.

ஒன்றரைக்குக் குரல் வந்தது. இந்தமுறை திவாகரன்.

"அக்கா... உசாந்தி... கேக்குதா? கச்சான் நல்லாத் தூக்குது. நங்கூரக் கயிறு கல்லுல உரஞ்சுது. மச்சான் சொல்லுறார் ரெண்டு மணிக்குத் தூக்குவம், அறுந்தா நங்கூரமும் இல்ல எண்டு. கேட்டா ஒரு சத்தம் போடுங்க."

கேதீஸ்வரி அமத்திக் கத்தினாள். உசாந்தி அவள் தோளுக்கு மேலால் மைக்குக்குள் கத்தினாள். விட்டார்கள். இரைச்சல். "ஒண்டுமில்ல மச்சான்" என்று திவாகரன் பக்கத்தில் நின்ற நல்லரத்தினத்துக்குச் சொல்வது கேட்டது. "ரெண்டுக்குக் கடைசியா ஒருக்காப் போடுவம்." டக்.

உசாந்தி நிலத்தில் குந்திவிட்டாள்.

தொலைபேசியில் றுஸ்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். "அக்கா, செட்டுட முதுகுல கை வச்சிப் பாருங்க" என்றான் மெதுவாக.

வைத்த கையை அவள் உடனே எடுத்தாள். "கொதிக்குது தம்பி. தோசைக்கல்லு மாதிரி."

"அக்கா, இனிமே நான் செல்லுமட்டும் அமத்தாதீங்க. செட்டு நல்ல செட்டு. அது கதைக்கிது. கதைக்கிறது ஏரியலுக்குப் போகாம திரும்பி உள்ளுக்கே வருது. அதுதான் சூடு. இன்னம் நாலு தரம் அமத்தினா உள்ளுக்க எரிஞ்சி போகும், மறுகா ஒரு காலமும் கதைக்காது. பிழை செட்டுல இல்ல, வயர்ல. வயருக்குத் தண்ணி பட்டாத்தான் இப்படி வரும். நீங்க படல்ல எண்டு செல்லுறீங்க. மழையும் இல்ல. எனக்கு வெளங்கல்ல."

மணி ஒன்று முப்பத்திநாலு.

கேதீஸ்வரி யன்னலுக்கு வெளியே தயிர்க் கோப்பையைப் பார்த்தாள். கச்சானில் அது ஆடிக்கொண்டிருந்தது. தன் வாயால் நாற்பது நிமிசத்தைக் கொன்றுவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லத்தான் வேண்டும். அம்மன் கோபித்தால் பிறகு காலில் விழுந்து கேட்கலாம். இரண்டு மணி திரும்பி வராது.

"தம்பி, பட்டது" என்றாள். "குளிர்த்தித் தண்ணி. கோயில் தீர்த்தம். வயர் தொடுத்த இடத்தில நான்தான் தெளிச்சனான். ஒரு கை நிறைய. தெளிச்சித்துக் கோப்பையால மூடியும் வச்சனான்."

உசாந்தி விருட்டென்று எழும்பினாள். "என்ன கா சொல்லுறீங்க? அம்மாள்ட தண்ணியிலயா பழி போடுறீங்க? ஊரெல்லாம் தெளிச்ச தண்ணி! எங்கட ஊட்டிலதான் அது கெடுதி செய்ததா?"

"நான் பழி போடல்ல புள்ள..."

"வேற என்ன இது? அண்ணன் நாள் பாக்காமப் போனார், நீங்க இப்ப..."

"அக்கா, போன அந்தப் புள்ளைக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்க" என்றான் றுஸ்தி. கேதீஸ்வரி போட்டாள். "தங்கச்சி, நான் செல்லுறதக் கேளுங்க. தீர்த்தத்தில ஒரு பிழையும் இல்ல. மூடின கோப்பையிலதான் பிழை. தெறந்து உட்டிருந்தா இந்தக் கச்சான் அரை மணித்தியாலத்தில காயவச்சிருக்கும். மூடினதால உள்ளுக்கே நிண்டு அவிஞ்சி போயித்து. அவ்வளவுதான். இப்ப கத்தி எடுங்க. நேரமில்ல."

உசாந்தியின் வாய் இன்னும் ஏதோ சொல்லத் திறந்திருந்தது. அதை அப்படியே மூடிக்கொண்டு, "கத்தி எங்க கா?" என்றாள்.

பரங்கிக்காய் வெட்டிய கத்திதான் வந்தது. கேதீஸ்வரி பிளாஸ்டிக் கதிரையில் ஏறி, யன்னலால் உடம்பை வெளியே விட்டுக் கோப்பையை அறுத்தாள். உள்ளே துணி நாடா மஞ்சளாய் ஊறிக் கிடந்தது. ஒரு வேப்பிலை, காயாமல் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பிய்த்துக் கீழே போடவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள். நாடாவை உரித்தால் உள்ளே செம்பெல்லாம் பாசி பிடித்த பச்சை. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலைக்கம்பியும் ஒன்றோடொன்று சளி மாதிரி ஒட்டிப்போயிருந்தன.

"வெட்டி எறிங்க" என்றான் றுஸ்தி. "ரெண்டு பக்கமும் வெட்டுங்க. செம்பு மினுங்குமட்டும் வெட்டிக்கொண்டே போங்க. பச்சை ஒரு துளி இருந்தாலும் வேலையில்ல."

ஒரு விரல் நீளம் வெட்டினாள். பச்சை. இன்னொரு விரல். இன்னும் பச்சை. மூன்றாவது வெட்டில் மேல் வயர் மினுங்கியது. கீழ் வயருக்கு ஒரு சாண் போயிற்று. இப்போது இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டவில்லை.

"வயர் கட்டையாப் போயித்து தம்பி!"

"செட்டக் கிட்டக் கொண்டு வாங்க."

உசாந்தி மேசையை இழுத்தாள். மேல் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு சரிந்தது. அதை இன்னொரு கையால் பிடித்து எறிந்தாள்; செம்பு முற்றத்தில் போய் விழுந்தது. மேசை யன்னலில் முட்டியதும் முனைகள் சந்தித்தன. மணி ஒன்று நாற்பத்தெட்டு.

தோலை உரிக்கக் கத்தி சரிவரவில்லை. கேதீஸ்வரி பல்லால் கடித்து இழுத்தாள். உதடு வெட்டி உப்பாய் இரத்தம் வந்தது.

"நடுக்கம்பியோட நடுக்கம்பி. முறுக்குங்க. அதுக்கு மேல ஏதாச்சும் சுத்துங்க, பொலித்தீன் காணும். மறுகா வலையோட வலை. ஒரு மயிர்க் கம்பி உள்ளுக்குப் போய் நடுக்கம்பியில முட்டினாலும் திரும்ப இதே கதைதான். பாத்து..."

உசாந்தி சீனிப் பையைக் கொட்டிவிட்டுப் பொலித்தீனைக் கிழித்துக் கொடுத்தாள். சீனி மேசையெல்லாம் சிந்தியது. வலைக்கம்பி காற்றில் சிலும்பிக்கொண்டு நின்றது. கேதீஸ்வரி எச்சில் தொட்டு ஒவ்வொன்றாய் வழித்து முறுக்கினாள். பெருவிரலும் சுட்டுவிரலும் வலையின் முறுக்கை நசித்துப் பிடித்துக்கொண்டன. விட்டால் கழன்றுவிடும். கட்ட நேரமில்லை.

"புடிச்சிக்கொண்டே கதைக்கலாமா தம்பி?"

"வலையைப் புடிங்க, நடுக்கம்பியைத் தொடாதீங்க. அமத்தேக்க கையில எறும்பு கடிச்ச மாதிரி வரும், பயப்படாதீங்க, உட்டிராதீங்க. ஒண்டு செல்லுறன் அக்கா. செட்டு இப்பவும் சூடு. கனக்கக் கதைக்காதீங்க. ரெண்டு சொல்லு, மூணு சொல்லு. அமத்தினா விடுங்க, ஆறட்டும்."

ஒன்று ஐம்பத்தாறு. உசாந்தி மைக்கை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்து ஒரு தரம் அமத்தினாள். கேதீஸ்வரி "நில்லுங்க" என்றாள். விரலில் எறும்பு கடித்தது. விட்டார்கள். இரைச்சல். இன்னொரு தரம். இரைச்சல்தான். அந்தப் பக்கம் செட்டை மூடி வைத்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்தார்கள்.

"இனி அமத்தாத புள்ள. அவர் போடட்டும்."

ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு இரைச்சல் வெட்டியது.

"கேதீஸ்" என்றான் நல்லரத்தினம்.

உசாந்தியின் விரல் உடனே அமத்தப் போனது. "அமத்தாத!" என்று கேதீஸ்வரி கத்தினாள். "அவர் அமத்தி வச்சிரிக்கார். இப்ப நாம கதைச்சா அவருக்குக் கேளாது. விடுமட்டும் பொறு."

"கேதீஸ், நாங்க தூக்கப்போறம். நீ கேக்கிறியோ தெரியா. கேட்டா வாழைச்சேனைக்குச் சொல்லு, வெளிக்கடல் போட்டுகள் ஆரும் வந்தாப் பாக்கச் சொல்லி. கல்லுக்கு நேர கிழக்கால, கொஞ்சம் தெற்க சாஞ்சு போவம். தண்ணி ஒரு கான் இரிக்கு. திவாகரனுக்கு ஒண்டுமில்ல, உசாந்திக்குச் சொல்லு. கோயில் நாளில வந்தது பிழைதான். நீ சொன்னனீ..."

அவன் நிறுத்தவில்லை. பதினைந்து வருசத்தில் வீட்டில் இவ்வளவு கதைக்காத மனிசன், அன்றைக்குப் பார்த்து நிறுத்தாமல் கதைத்தான். கேதீஸ்வரியின் கண்ணால் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையில்லை; ஒரு கை வயரில், மற்றக் கை யன்னல் சட்டத்தில். 'விடுங்க, விடுங்க, வாயை மூடுங்க, விடுங்க' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"...சரி. மூடுறன்."

டக்.

உசாந்தி அமத்தினாள். எறும்பு கடித்தது.

"தூக்காதீங்க! ஆள் வருது!"

விட்டாள்.

இரைச்சல். மணிக்கூட்டின் முள் இரண்டைத் தாண்டியது. தொலைபேசிக்குள் றுஸ்தி தனக்குள் எதையோ ஓதுவது கேட்டது. இரைச்சல். உசாந்தி மறுபடி அமத்தப் பார்த்தாள். கேதீஸ்வரி தலையை ஆட்டினாள். இரைச்சல்.

"கேதீஸா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் கை வழுகிவிடும் என்று கேதீஸ்வரி பயந்தாள்.

"ஓம். நில்லுங்க."

"ஆரு வாற?"

"சீனியண்ணன். ரெண்டரைக்கு."

அதற்குப் பிறகு பதில் வரவில்லை. செட்டின் முதுகிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசம் எழும்பியது. எரிந்துவிட்டதா என்று உசாந்தி முகப்பைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. இரைச்சலும் இருந்தது. அந்தப் பக்கம்தான் ஆள் பேசவில்லை. எதற்கு வாயடைத்து நிற்கிறான் என்று கேதீஸ்வரிக்கு விளங்கியது. பதினைந்து வருசம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது கூடவா விளங்காது?

"அவனுக்கு நம்பரக் குடுத்தியா?" என்றான் கடைசியில்.

"குடுத்தன். நேவிக்கும் குடுத்தன். அரிசி வாளி மூடிய ரோட்டால தூக்கிக்கொண்டுதான் ஓடினனான், பாத்தவன் எல்லாம் பாத்திருப்பான்."

"அக்கா, மூணு சொல்லு!" என்று றுஸ்தி தொலைபேசிக்குள் கத்தினான்.

மறுபடி இரைச்சல். பிறகு திவாகரனின் குரல் வந்தது, சிரிப்பும் அழுகையும் கலந்து. "அக்கா, மச்சான் கயித்தப் பாதி தூக்கிட்டார். கையில புடிச்சுக்கொண்டு நிண்டவர். இப்ப விட்டிட்டார். நங்கூரம் கீழ போயித்து. நிக்கிறம் அக்கா. நிக்கிறம்."

உசாந்தி மைக்கை மேசையில் வைத்துவிட்டு, சீனிக்கு மேல் முகத்தைப் போட்டு அழுதாள். றுஸ்தி, "அல்ஹம்துலில்லா. நான் இப்ப வெளிக்கிட்டு வாறன் அக்கா, நான் வருமட்டும் அந்த வயர உடாதீங்க" என்றான். கேதீஸ்வரி கதிரையில் அப்படியே நின்றாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. இரண்டு நாற்பதுக்குத் திவாகரன் மறுபடி செட்டைப் போட்டான். சீனித்தம்பி தோணியைக் கட்டி இழுக்கத் தொடங்கிவிட்டானாம். மச்சான் அவனோடு இன்னும் ஒரு சொல் கதைக்கவில்லையாம். சீனித்தம்பி மட்டும் கல்லடித் தண்ணீரை எட்டிப் பார்த்து, "நல்ல கல்லுதான்" என்றானாம்.

அதைக் கேட்ட பிறகுதான் உசாந்தி எழும்பி முகம் கழுவினாள். மாடத்தில் இருந்த போத்தலை எடுத்தாள். அடியில் நாலு விரல் குளிர்த்தித் தண்ணீர் இன்னும் மிச்சமிருந்தது. மேசைப் பக்கம் பார்க்காமல் வாசலுக்குப் போய், கடல் பக்கம் திரும்பி, போத்தல் மூடியைத் திறந்தாள். கச்சான் அவளுக்குப் பின்னால் நின்று அடித்தது.

கேதீஸ்வரி வயரைப் பிடித்தபடி கதிரையில் நின்றே சொன்னாள்:

"முற்றத்தில இறங்கி நிண்டு தெளி புள்ள. செட்டில படாமத் தெளி."